இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கு அரசு பட்டிருக்கும் கடன்

சேலம் அஸ்தம்பட்டியில் தட்டச்சு நிலையம் நடத்தும் எனக்கு மனு எழுதித் தருவதுதான் பிழைப்பு. பட்டா மாறுதலோ, ஜீவனாம்சமோ, முதியோர் உதவித்தொகையோ, எதுவானாலும் யார், யாருக்கு, எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன செய்தார் என்று வரிசைப்படுத்திவிட்டால் மனு பெரும்பாலும் முடிந்துவிடும். குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் கொண்டுவரும் குறை மட்டும் இந்த வரிசைக்குள் அடங்குவதில்லை. அடித்தார்கள் என்றால் அடித்த நாள் ஒன்று இருக்கும். ஆண்டுக்கணக்கில் வயிறு நிறையவில்லை, மார்கழிக் குளிரில் ஒரு போர்வைக்குள் மூன்று பேர் படுத்தோம், காய்ச்சலுக்கு மருந்து வாங்கித் தர ஆளில்லை, எங்களை யாரும் வந்து பார்க்கவில்லை என்பதற்கு எந்தத் தேதியைப் போடுவது?

நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஏற்காட்டு மலையடிவாரத்தில் இருந்த ஓர் இல்லத்தில், எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து பத்தாம் வகுப்பு முடியும் வரை இருந்தேன். அப்பா இறந்தபின் காப்பித் தோட்டக் கூலியை மட்டும் வைத்து மூன்று பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாத என் அம்மா, இரண்டு வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும் என்று நம்பி என்னை அங்கே விட்டார். அந்த இல்லம் இன்று இல்லை. அதன் பெயரை நான் எழுதப்போவதும் இல்லை, ஏனென்றால் அதை நடத்தியவர்களைத் தண்டிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. இப்படிப்பட்ட இல்லங்களை இயங்க அனுமதித்த, மானியம் கொடுத்த, சோதனை செய்யும் அதிகாரத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்காமல் இருந்த அரசு, அங்கே வளர்ந்தவர்களுக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

எங்களோடு வளர்ந்த ஒருவன், என்னைவிட இளையவன், தம்பி என்றே இன்றும் கூப்பிடுகிறேன். அவனுக்கு வலது காதில் சீழ் வடியும். ஆயா பழைய சேலைத் துணியைத் திரித்துக் காதில் செருகிவிடுவார். அது ஊறியதும் எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகுவார். அவனுடைய பாயில் தலை வைக்கும் இடம் மட்டும் மஞ்சளாகக் கறைபட்டு விறைத்திருக்கும். வாடை அடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். கடைசி வரிசையில் வாத்தியார் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. கேட்காததால் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததால் மக்கு என்று பெயர் வந்தது. பிறகு இடது காதிலும் வடியத் தொடங்கியது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்று, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலைக்குச் சேர்க்கப்பட்டான். இன்று அவனிடம் பேச வேண்டுமானால் முகத்துக்கு நேராக நின்று, உதடு தெரியும்படி பேச வேண்டும். காதைத் துடைத்து உலர்வாக வைத்திருப்பதும் சொட்டு மருந்தும்தான் இந்த நோய்க்குத் தொடக்கத்தில் தரப்படும் சிகிச்சை என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் அவனுக்குப் பிற்காலத்தில் விளக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். மலையடிவாரத்திலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு அன்றைக்கும் நகரப் பேருந்து ஓடியது.

அவனுக்காக மனு எழுத உட்கார்ந்தபோது அவன் முதலில் சொன்னது, "என்னை யாரும் அடிக்கலீங்க்கா. அப்புறம் என்னன்னு எழுதுவீங்க?" என்பதுதான். இல்லங்களில் வளர்ந்தவர்கள் பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அடி, பாலியல் கொடுமை போன்றவை நடந்திருந்தால்தான் புகார் சொல்லத் தகுதி உண்டு என்று அவர்களாகவே ஒரு வரம்பு போட்டுக்கொள்கிறார்கள். செய்தித்தாள்களும் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. காவல்துறை வந்து பூட்டுப் போட்ட இல்லம் செய்தியாகிறது, இருபது ஆண்டுகள் யாரும் வராத இல்லம் செய்தியாவதில்லை.

கவனிக்காமல் விடுவது குற்றம் என்று சட்டத்தில் இல்லாமல் இல்லை. நாங்கள் அங்கே இருந்த காலத்தில் நடைமுறையில் இருந்த 1986 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தன் பொறுப்பில் உள்ள சிறாரை வேண்டுமென்றே கவனியாமல் விட்டுத் துன்பத்துக்கு உள்ளாக்குவதைத் தண்டனைக்குரிய செயலாகச் சொன்னது. தண்டனை ஆறு மாதம் வரை. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை ஓராண்டுக்குள் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்பது அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் காலவரம்பு. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டென்றாலும், பொதுவிதிப்படி பார்த்தால் ஒன்பது வயதில் காது கெட்ட பையன் பத்து வயதுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும். யாரிடம்? வார்டனைத் தாண்டி அவனுக்குத் தெரிந்த பெரியவர் எவரும் இல்லை. இன்றுள்ள 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75 ஆவது பிரிவு, இல்லத்தில் பணியாற்றுபவரோ நடத்துபவரோ இதைச் செய்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்று கடுமையாகியிருக்கிறது; ஆனால் தண்டனைச் சட்டம் பின்னோக்கிப் பாயாது என்பதால் எங்கள் காலத்துக்கு அது உதவாது.

உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், 1963 ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் மைனராக இருந்தவருக்கு வயது வந்தபின் தரும் கூடுதல் அவகாசம் மூன்றாண்டுக்கு மேல் போவதில்லை. இல்லத்தை விட்டு வெளியே வந்து, தங்க இடமும் உடுத்தத் துணியும் தேடிக்கொண்டிருக்கிற அந்த மூன்றாண்டுகளில் வழக்கறிஞரைத் தேடிப் போனவர் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. மனித உரிமை ஆணையங்கள் சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தபின் எந்தப் புகாரையும் விசாரிக்கக் கூடாது என்று 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36 ஆவது பிரிவே தடுக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான தமிழ்நாட்டு இழப்பீட்டுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகவே மனு செய்யலாம். ஆனால் அங்கேயும் குற்றம் என்று ஒன்று நடந்தது முதலில் நிற்க வேண்டும்.

மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும். இதில் எனக்கு நம்பிக்கை தருவது 1983 ஆம் ஆண்டின் ருதுல் ஷா வழக்கு. பீகாரில் 1968 இல் விடுதலை செய்து தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு மனிதர் 1982 வரை, பதினான்கு ஆண்டுகள், சிறையிலேயே இருந்தார். அவரை விடுவிக்க வேண்டியவர்கள் விடுவிக்கவில்லை, அவ்வளவுதான். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போடுங்கள் என்று கைகழுவாமல், உச்ச நீதிமன்றம் தானே 35,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்காக அரசு ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்துக்குப் புதிதில்லை என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்றை நான் அறியேன். 1993 இல் நீலாபதி பெஹரா வழக்கில் காவலில் மகனை இழந்த தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வழங்கியபோது, வாழ்வுரிமையை அரசு மீறினால் இழப்பீடு தருவது அரசியல் சட்டத்தின் கீழேயே உள்ள தனிவழி என்று நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. ஆனால் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் சென்னைக்குப் போய்த் தனித்தனியாக ரிட் மனு போடுவது நடக்கக்கூடிய காரியமா? அதனால்தான் ஒரு திட்டமாகக் கேட்கிறோம்.

இங்கே எங்களுக்குள்ளேயே எழும் எதிர்ப்பைச் சொல்லியாக வேண்டும். "சோறு போட்ட எடத்தைப் பத்தி எப்படிக்கா தப்பா எழுதறது?" என்று கேட்காதவர் குறைவு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அந்த இல்லத்துக் கூடத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்; சாப்பிடும் முன் அதை நாங்கள் சேர்ந்து சொல்வோம். யாராவது பிறந்தநாளுக்கோ திதிக்கோ சாப்பாடு போட வந்தால் வரிசையாக உட்கார்ந்து கைகூப்பி, அவர்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டபின் இலையில் கை வைப்போம். அன்றைக்கு வடையும் பாயசமும் இருக்கும். அடுத்த நாள் மறுபடியும் தண்ணீராக ஓடும் சாம்பார்தான். வந்து போட்டவர்கள் நல்லவர்கள், அதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆயாவும் நல்லவர்தான், இத்தனை பிள்ளைகளுக்கு ஒரே ஆளாக, சரியான சம்பளம்கூட இல்லாமல், தன்னால் முடிந்தது துணியைத் திரித்துச் செருகுவது என்று அதைச் செய்தார். அவரை நான் இன்றும் வணங்குகிறேன். ஆனால் ஒரு குழந்தைக்கு உணவும் மருந்தும் தருவது கருணையைச் சேர்ந்த விஷயமாக இருந்துவிட்டால், அது குறையும்போது கேட்பதற்கு வழியே இல்லாமல் போகிறது. பெற்ற தகப்பன் சோறு போடவில்லையென்றால் ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றம் போக நம் நாட்டுச் சட்டம் பிள்ளைக்கு வழி வைத்திருக்கிறது. தகப்பன் இடத்தில் அரசு நின்றபோது மட்டும் ஏன் நன்றி மட்டுமே சொல்ல வேண்டும்?

அரசு அந்த இடத்தில் நின்றதா என்று கேட்பவர்களுக்குச் சேலத்துக்காரர்கள் பதில் சொல்வது எளிது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992 இல் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்று அரசே தொட்டில் வைத்துக் கேட்டது. அந்தத் தொட்டிலில் உயிர் பிழைத்தவர்கள் முப்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். கொடுங்கள் என்று கேட்டு வாங்கிய கைக்கு, வாங்கியபின் அந்தக் குழந்தை எங்கே போனது, எப்படி வளர்ந்தது, இன்று என்ன நிலையில் இருக்கிறது என்று பதில் சொல்லும் பொறுப்பும் உண்டு. இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 39 ஆவது பிரிவு, எந்த வகையான புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தை உடலாலும் மனத்தாலும் மீண்டு வருவதற்கு அரசு எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது. வன்முறைக்கும் சுரண்டலுக்கும் பக்கத்திலேயே புறக்கணிப்பும் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது.

பிற நாடுகளில் இதை எப்படிச் செய்தார்கள் என்று இரவு நேரங்களில் படித்துக்கொண்டிருக்கிறேன். அயர்லாந்தில் 1999 மே மாதம் பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2002 இல் ஈடு வழங்கும் சட்டம் வந்தது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அதன் கீழ்த் தொகை வழங்கப்பட்டது. அந்தச் சட்டத்தில் என்னை நிறுத்தி வைத்த இடங்கள் இரண்டு. ஒன்று, குழந்தையைக் கவனிக்கத் தவறி அதன் உடல்நலமோ மனநலமோ வளர்ச்சியோ கடுமையாகக் கெட்டிருந்தால் அதுவும் கொடுமைதான் என்று சட்டத்தின் வரையறையிலேயே சேர்த்திருக்கிறார்கள். இரண்டு, தொகையைக் கணக்கிடும் மதிப்பெண்ணில், கொடுமையின் கடுமைக்கும், மருத்துவர் உறுதிசெய்த உடல்நோய், மனநோய்க்கும், மனத்திலும் உறவுகளிலும் தங்கிய பாதிப்புக்கும் தனித்தனியே இடம் கொடுத்ததோடு, வாய்ப்புகளை இழந்ததற்கும் 15 மதிப்பெண் வரை ஒதுக்கியிருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்காமல் போன பிள்ளைக்கு அந்த 15 இல் ஒரு பங்கு உண்டு. அதைப் படித்த அன்று தம்பியின் பட்டறைக்குப் போய், தாளில் எழுதி அவனிடம் காட்டினேன்.

அங்கே தவறியவையும் உண்டு, அவற்றையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்தோடு ஒரு பட்டியலை இணைத்து, அதில் பெயர் உள்ள நிறுவனங்களில் வளர்ந்தவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றார்கள்; டப்ளினில் இருந்த பெத்தானி இல்லம் போன்றவை பட்டியலில் இல்லாததால் அங்கே வளர்ந்தவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். தொகை பெற்றவர்கள் அதைப் பற்றிய விவரங்களை வெளியில் சொல்வதைக் குற்றமாக்கும் பிரிவும் இருந்தது. பிற்பாடு, திருமணமாகாத தாய்மாரையும் அவர்கள் குழந்தைகளையும் வைத்திருந்த தாய்சேய் இல்லங்களுக்காக 2024 இல் தொடங்கிய திட்டத்திலும், குழந்தையாக ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களுக்குத் தொகை கிடையாது என்று வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய ஈடுசெய் திட்டம் 2018 இல் தொடங்கியபோது பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மட்டுமானதாக அமைந்தது. பட்டினியும் கவனிப்பின்மையும் மட்டும் அனுபவித்தவர்கள் அதற்குள் வரவில்லை. நியூசிலாந்தின் விசாரணை ஆணையம் 2024 ஜூலையில் வெளியான அறிக்கையில், 1950 முதல் 2019 வரை பராமரிப்பு நிறுவனங்களில் இருந்த சுமார் 6,55,000 பேரில் இரண்டு லட்சம் பேர் வரை கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்றும், புறக்கணிக்கப்பட்டவர்கள் அதைவிட அதிகம் என்றும் மதிப்பிட்டது. எண்ணிக்கையில் பெரியது எதுவோ, அதைத்தான் திட்டங்கள் எளிதில் விட்டுவிடுகின்றன.

எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுவது சுவிட்சர்லாந்தின் வழி. அங்கே ஏழைக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பண்ணைகளுக்கும் இல்லங்களுக்கும் அனுப்பிய காலத்துக்காக, 2017 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரே தொகை, 25,000 பிராங்க். யாருடைய துன்பம் பெரியது என்று எடைபோடவில்லை. முதலில் வைத்த கடைசித் தேதியையும் பிறகு நீக்கிவிட்டார்கள். தன் வாழ்நாளிலேயே மிகவும் வெட்கப்பட்ட விஷயத்தை ஓர் அலுவலரின் மேசைக்கு முன் நின்று, மதிப்பெண் கிடைக்கும்படி விவரிக்க வேண்டிய நிலையை நம்முடைய பிள்ளைகளுக்கு (ஐம்பது வயதானாலும் எனக்கு அவர்கள் பிள்ளைகள்தான்) நான் விரும்பவில்லை. அந்த இல்லத்தில் இருந்தார், அந்தக் காலத்தில் அந்த இல்லம் விதிப்படி நடக்கவில்லை, இந்த இரண்டும் தெரிந்தால் போதும் என்று இருக்க வேண்டும்.

விதிப்படி நடந்ததா என்பதை யார் காட்டுவது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. இன்றைய விதிகள் 25 குழந்தைகளுக்கு 1,000 சதுர அடி படுக்கைக் கூடம், அதாவது தலைக்கு 40 சதுர அடி வேண்டும் என்கின்றன. மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனை செய்து ஒவ்வொரு குழந்தைக்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்கின்றன. ஆய்வுக் குழுக்கள் வந்து பார்க்க வேண்டும் என்கின்றன. பதிவேட்டில் மாதப் பரிசோதனை இல்லையென்றால், புறக்கணிப்புக்கு அந்த வெற்றுப் பக்கமே சான்று. எங்கள் காலத்திலும் மானியம் வழங்க ஆய்வு நடந்திருக்க வேண்டும். அந்த ஆய்வறிக்கைகள் இருந்தால் அரசு அவற்றைக் காட்டட்டும். இல்லையென்றால், ஆய்வு நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு பாதிக்கப்பட்டவர் பக்கம் முடிவு செய்யட்டும். ஏழு வயதில் சேர்ந்த பிள்ளை எந்தக் காகிதத்தையும் கையில் வைத்திருக்க முடியாது. காகிதம் வைத்திருக்க வேண்டியவர் எவரோ அவரிடமே அந்தச் சுமை இருக்க வேண்டும்.

காகிதம் இல்லாததன் விலை இன்றும் தொடர்கிறது என்பதற்கு ஒரு சான்று. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க ஆளின்றி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகளைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மிக நல்ல ஏற்பாடு, பெருமைப்படத்தக்கது. ஆனால் அந்தச் சான்றிதழ் வாங்கத் தாசில்தார் அலுவலகத்துக்குப் போனால், அங்கீகரிக்கப்பட்ட இல்லத்தில் இருந்ததற்குச் சான்று கேட்பார்கள். பதிவு செய்யாமல் ஓடிய இல்லத்தில், அல்லது மூடிவிட்ட இல்லத்தில் வளர்ந்தவர் எதைக் கொடுப்பார்? அந்த இல்லம் பதிவில்லாமல் நடந்தது யாருடைய தவறோ அவர்களே இவரிடம் பதிவுச் சான்று கேட்கிறார்கள். என்னோடு வளர்ந்த ஒருத்தி தன் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக இதே மேசைகளுக்கு இடையில் அலைந்ததை நான் அறிவேன். இல்லத்தில் வளராத அடுத்த தலைமுறை வரை இது நீள்கிறது.

உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு வழக்கே உண்டு. தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி 2007 இல் பதிவான அந்த வழக்கில் 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது: எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், சமூகத் தணிக்கை வேண்டும் என்றெல்லாம் சொன்ன முக்கியமான தீர்ப்பு. வழக்கு நடந்த பத்தாண்டுகளில் அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் பதினெட்டைத் தாண்டி வெளியே போய்விட்டார்கள். இனி வளரப்போகும் குழந்தைகளை நோக்கிய அந்தத் தீர்ப்பு, ஏற்கெனவே வளர்ந்து வெளியேறியவர்களிடம் திரும்பும் வேலையை அரசுக்கு மிச்சம் வைத்திருக்கிறது. இன்றைய மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கு மாதம் 4,000 ரூபாய் பின்பராமரிப்பு உதவி உண்டு. குழந்தையை வீட்டிலேயே வைத்து வளர்க்க அதே அளவு நிதி ஆதரவும் உண்டு. என் அம்மாவுக்கு அந்தக் காலத்தில் அப்படியொரு தொகை கிடைத்திருந்தால் நான் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. இன்று இதைச் செய்ய அரசால் முடிகிறது என்றால், அன்று செய்யாததற்கு ஈடு செய்யவும் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எந்த இல்லங்கள் திட்டத்தில் சேரும் என்ற பட்டியல் விஷயத்தில் சேர்வராயன் மலைக்கு ஒரு தனிக் கவலை இருக்கிறது. மலைக் கிராமங்களிலிருந்து வந்த பழங்குடிப் பிள்ளைகளில் பலர் வளர்ந்தது உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் விடுதிகளிலும். அவை துறையால் வேறு, சட்டத்தால் வேறு. நாளை ஒரு திட்டம் வந்து, இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான இல்லங்கள் மட்டும் என்று எழுதிவிட்டால், பெத்தானி இல்லத்துக் குழந்தைகள் நின்ற இடத்தில் இவர்கள் நிற்பார்கள். பெற்றோரைவிட்டுப் பிரிந்து, வேறொருவர் பொறுப்பில், அரசின் அனுமதியோடோ அரசு கண்டுகொள்ளாததாலோ தங்க வைக்கப்பட்ட எந்தக் குழந்தையும் உள்ளே வரும்படி அந்த வாக்கியம் எழுதப்பட வேண்டும். பெயர்ப்பலகையில் இல்லம் என்று இருந்ததா விடுதி என்று இருந்ததா என்பதைப் பார்த்து ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

இல்லங்களில் வளர்ந்த நாங்கள் சிலர் சேர்ந்து முதலமைச்சருக்கும் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறைக்கும் அனுப்ப ஒரு கோரிக்கை மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில், இல்லங்களில் வளர்ந்தவர்களையும் உறுப்பினர்களாகக் கொண்ட விசாரணை ஆணையம். எல்லோருக்கும் ஒரே அளவான ஈட்டுத்தொகை. காது, கண், பல், எலும்பு என்று சிறுவயதில் கவனிக்காததால் வந்த குறைகளுக்கு வாழ்நாள் மருத்துவம். இல்லத்தில் இருந்த காலத்து ஆவணக் கோப்பை அவரவருக்குக் கொடுப்பது. வாய்மொழிச் சாட்சியத்தை ஏற்பது. வாயடைக்கும் நிபந்தனை எதுவும் இல்லாமை. அரசு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்பது. இவற்றில் தம்பி முதலில் கேட்டது தன்னைப் பற்றிய கோப்பைத்தான். தன்னைச் சேர்த்தது யார், அன்றைக்குத் தனக்கு என்ன வயது, காது அப்போது நன்றாக இருந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அவனுடைய பிறந்தநாளும் பள்ளியில் சேர்க்க வசதியாக யாரோ போட்ட ஒரு ஜூன் மாதத் தேதிதான்.

சேலம் மாவட்டத்திலோ மலையிலோ ஏதாவது ஓர் இல்லத்திலோ விடுதியிலோ வளர்ந்தவர்கள் இதைப் படித்தால், மனு தயாராகும் வரை காத்திருக்காமல் உங்கள் கோப்புக்கு இப்போதே விண்ணப்பம் போடுங்கள். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி இட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இன்படி, இந்த இல்லத்தில் இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை நான் இருந்ததற்கான சேர்க்கைப் பதிவேட்டின் நகல், என்னை ஒப்படைத்த உத்தரவின் நகல், என் மருத்துவப் பதிவேடு, அந்த ஆண்டுகளில் அந்த இல்லத்துக்கு வழங்கிய மானிய விவரம், நடந்த ஆய்வுகளின் அறிக்கைகள் ஆகியவற்றைக் கேளுங்கள். ஆண்டு சரியாக நினைவில்லையென்றால் உத்தேசமாக எழுதி, உத்தேசம் என்றே குறிப்பிடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தனிப்பட்ட விவரம் என்று மறுத்தால், கேட்பது உங்களைப் பற்றிய விவரம்தான் என்றும், 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகள் என்பதால் 8 ஆவது பிரிவின் 3 ஆவது உட்பிரிவின்படி அந்தக் காரணம் செல்லாது என்றும் குறிப்பிட்டு, மறுப்பு கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். ஆவணம் இல்லை என்று பதில் வந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அலுவலக முத்திரையோடு வந்த அந்தக் கடிதம் நம் மனுவோடு இணைக்க வேண்டிய ஆவணம். எழுதத் தெரியாதவர்கள், எழுதச் சங்கடப்படுபவர்கள் என் நிலையத்துக்கு வாருங்கள். இதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.